கார்ட்டூன் படங்களைத் தமிழில், மாலைக் காட்சியில் திரையிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடர்களிலிருந்து உருவாகும் முழுநீளச் சாகசப் படங்கள் சென்னைக்கு வரும்போது, அவற்றின் தமிழ் வடிவத்தைக் குடும்பத்தோடு சென்று பார்க்கக்கூடிய நேரத்தில் திரையிட வேண்டும் என்று விநியோகஸ்தர்களையும் திரையரங்க உரிமையாளர்களையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். எங்கள் வடசென்னைப் பகுதியில் நான் கவனித்தவரை, இத்தகைய படங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் ஓடுகின்றன; தமிழில் வந்தாலும் காலைக் காட்சி ஒன்றோடு நின்றுவிடுகின்றன. வேலை நாளில் காலைக் காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல எத்தனை பெற்றோரால் முடியும்?

கார்ட்டூன்தானே, மொழி புரியாவிட்டாலும் குழந்தைகள் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டில் பார்க்கும் பத்து நிமிடக் கதைக்கு அது ஓரளவு பொருந்தலாம். முழுநீளப் படத்துக்குப் பொருந்தாது. டோரேமான் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரைப் பார்க்கும் எந்தக் குழந்தைக்கும் ஜியானைத் தெரியும். கதையின் நாயகச் சிறுவனான நோபிதாவை அடிப்பவன், அவன் பொம்மைகளைப் பிடுங்கிக்கொள்பவன். 1979-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய அந்தத் தொடரிலிருந்து மறு ஆண்டே வெளியான முதல் திரைப்படத்தில், நோபிதா தான் கண்டெடுத்த முட்டையிலிருந்து வெளிவந்த பீஸ்கே என்ற டைனோசரை ஆசையோடு வளர்த்து, அதன் காலத்திலேயே கொண்டுபோய் விடுவதற்காக நண்பர்களோடு புறப்படுகிறான். கால இயந்திரம் பழுதாகி, அவர்கள் நெடுந்தொலைவு பயணம் செய்தே வீடு திரும்ப வேண்டிய நிலை ஏற்படுகிறது. பீஸ்கேவை, டைனோசர்களைப் பிடிக்க வந்த வேட்டைக்காரர்களிடம் கொடுத்துவிட்டால் அவர்களே நம்மை ஊர் சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சு எழும்போது, நோபிதாவின் பக்கம் நிற்பவன் அதே ஜியான்தான். நான் விழவிருந்த வேளையில் பிடித்த கையை நோபிதா விடவில்லை, ஆகவே நானும் அவனோடு நடந்தே வருகிறேன் என்கிறான். அந்தக் காட்சியில் சண்டையும் இல்லை, துரத்தலும் இல்லை. சில வரிப் பேச்சு மட்டுமே இருக்கிறது. வாரந்தோறும் வெறுத்துவந்த ஒரு பையனைக் குழந்தை முதன்முதலாக மதிக்கத் தொடங்கும் இடம் அது. அந்தப் பேச்சு விளங்காத குழந்தை டைனோசரைப் பார்த்துவிட்டு வரும். ஜியானைப் பார்க்காமலேயே வந்துவிடும்.

நம் நாட்டுப் படத்திலும் இதைக் காணலாம். 2008-இல் போகோ தொலைக்காட்சியில் தொடங்கிய சோட்டா பீம் தொடரில், லட்டு ஒன்றைத் தின்றவுடன் பீமுக்கு வலிமை பெருகிச் சிக்கல் தீர்ந்துவிடும். ராஜீவ் சிலகா இயக்கத்தில் 2012 மே மாதம் வெளிவந்த படத்திலோ, சோனாபூர் நகரம் மண்ணுக்குள் புதைந்திருக்கும்வரை அங்கேயே சிறைப்பட்டுக் கிடக்க வேண்டும் என்ற சாபத்துக்கு ஆளான தம்யான் என்ற தீயவனை, புதையல் தேடிச் சென்ற மன்னரும் பீமின் கூட்டமுமே அறியாமல் விடுவித்துவிடுகிறார்கள். தீமைக்கு வழி திறந்துவிட்டவர்கள் என்பதால், காலத்தில் பின்னோக்கிச் சென்று அதைச் சரிசெய்யும் பொறுப்பும் அவர்கள் தலையில் விழுகிறது. சாபத்தின் நிபந்தனை புரிந்தால்தான் அந்தப் பயணம் எதற்கு என்பதே புரியும்.

1968 முதல் இருமொழிக் கொள்கை நடப்பில் உள்ள தமிழ்நாட்டில், அரசுப் பள்ளியில் படிக்கும் ஒன்பது வயதுக் குழந்தைக்கு இந்தி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விரைவாகப் பேசப்படும் ஆங்கிலமும் எட்டாது. சென்ற விடுமுறையில் என் பேத்தியை ஒரு மல்டிபிளெக்ஸுக்கு அழைத்துச் சென்றபோது இந்திக் காட்சிக்கு மட்டுமே டிக்கெட் இருந்தது. அருகில் அமர்ந்திருந்த ஒரு தாய், தனக்கே அரைகுறையாகத் தெரிந்த இந்தியைத் தன் மகனின் காதில் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் காட்சி மாறிவிட்டது. படம் ஜப்பானியப் படம். அதை இந்திக்கு மாற்ற முடிந்தவர்களுக்குத் தமிழுக்கு மாற்றுவது இயலாததா என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இதற்கு வேண்டிய திறமைக்குச் சென்னையில் பஞ்சமே இல்லை. 1943-இல் கன்னடத்தில் வெளிவந்த அரிச்சந்திரன் கதையை மறு ஆண்டே தமிழில் குரல் மாற்றி வெளியிட்டு, இந்தியாவில் டப்பிங் படங்களுக்கு வழிகாட்டிய ஏ.வி.மெய்யப்பன் இந்தத் திரையுலகத்தைச் சேர்ந்தவர். 2007-இல் சுட்டி டிவி தொடங்கிய பின் டோராவும் ஜாக்கி சானும் தமிழ்ப் பேச்சில் வீடுவீடாக நுழைந்தார்கள். அவர்களோடு வளர்ந்த தலைமுறை இன்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தொடருக்குத் தமிழில் குரல் கொடுக்கும் கலைஞர்களையே படத்துக்கும் பேசவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நட்சத்திரங்கள் பேசுவதை நான் குறை சொல்லவில்லை. 2019-இல் வந்த தி லயன் கிங் படத்தின் தமிழ் வடிவில் வில்லன் சிங்கமான ஸ்காருக்கு அரவிந்த்சாமியின் குரல் மிக நன்றாகவே பொருந்தியது. ஆனால் அன்றாடம் தொலைக்காட்சியில் கேட்டுப் பழகிய குரலைத் திரையரங்கில் மாற்றிவிட்டால், குழந்தைக்கு அந்தப் பாத்திரம் அந்நியமாகிவிடுகிறது.

தமிழ்க் காட்சிக்குக் கூட்டம் வருவதில்லை என்பது திரையரங்கத்தார் சொல்லும் காரணம். பள்ளி நாளில், காலை வேளையில், விளம்பரமும் இல்லாமல் போட்ட காட்சிக்குக் கூட்டம் வராததை வைத்து அப்படி முடிவு கட்டுவது நியாயமாகாது. ஜப்பானில் டோரேமான் படங்கள் ஏறத்தாழ ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில், பள்ளி வசந்த விடுமுறையை ஒட்டியே வெளியாகின்றன. நமக்குக் கோடை விடுமுறையும் காலாண்டு, அரையாண்டுத் தேர்வு விடுமுறைகளும் இருக்கின்றன. அந்த நாட்களில் மாலை நான்கு மணியளவில் ஒரு தமிழ்க் காட்சியை இரண்டு வாரங்களுக்கேனும் தொடர்ந்து போட்டுப் பார்த்த பிறகு கணக்குச் சொல்லட்டும். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிட்டுவரும் பள்ளிக் கல்வித் துறையும் இத்தகைய படங்களின் தமிழ் வடிவங்களைத் தன் தேர்வில் சேர்த்துக்கொள்ளலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகும் திரைப்படப் பக்கத்தில், குழந்தைகளுக்கான படம் எந்தத் திரையரங்கில், எந்த மொழியில், எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதைத் தனிக் கட்டமாக வெளியிட்டால், டிக்கெட் எடுத்த பிறகு மொழி வேறு என்று அறிந்து ஏமாறும் பெற்றோருக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.