ஆறு யார்டு எலி

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு இல்லாமல் அடுப்படி வரை நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே பெரியவள் லீட்ஸில் சேர்ந்துவிட்டாள், வீட்டில் சத்தமே இல்லை. சின்னவன் ஏ லெவலுக்குப் படிக்கிறேன் என்று ரூம் கதவைச் சாத்திக்கொள்கிறான், உள்ளே என்ன நடக்கிறதோ ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சரி, நீ கேட்ட விஷயம். ஏர் ரைஃபிள், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி வாங்கப் போகிறேன், அதுவும் உன்னுடையது மாதிரி புல்பப் என்கிற குட்டை வகைதான், எப்படி இருக்கிறது என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். பதிலை ஒரு வரியில் அடக்க முடியாது.

முதலில் ஒன்று. நீ இருப்பது ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில். நான் நார்ஃபோக்கில் இருந்துகொண்டு வாங்கியதைப் பார்த்து நீயும் நேராகக் கடைக்குப் போய் நிற்காதே. இங்கே இங்கிலாந்தில் சுடும் சக்தி 12 அடி-பவுண்டுக்கு (குண்டு குழலை விட்டு வரும்போது உள்ள சக்தியின் அளவு) மேல் போகாத ஏர் ரைஃபிள் என்றால் சர்டிபிகேட் வேண்டாம், 18 வயது ஆகியிருந்தால் கடைக்காரர் நேரில் கையில் கொடுத்துவிடுவார். உங்கள் பக்கம் 2016 டிசம்பர் 31-லிருந்து இதற்கே போலீஸிடம் சர்டிபிகேட் வாங்கியாக வேண்டும். எதற்காக வேண்டும் என்று நியாயமான காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும், கிடைத்தால் 5 வருஷம் செல்லும். உன்னைப் பார்க்க வரும்போது என்னுடையதைக் காரில் போட்டுக்கொண்டு வரலாம் என்று பார்த்தால் எனக்கும் விசிட்டர் பெர்மிட் வேண்டும். அதனால் காகித வேலையை முதலில் முடி, ஆசையை அப்புறம் வளர்த்துக்கொள்.

என்னுடையது எஃப்எக்ஸ் வைல்ட்கேட், பாயிண்ட் 22 அங்குலக் குழல், ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஸ்வீடனில் மரியஸ்டாட் என்ற ஊரில் செய்கிறார்கள். ஃப்ரெட்ரிக் ஆக்சல்சன் என்பவர் ஆரம்பித்த கம்பெனி, பெயரில் உள்ள எஃப்எக்ஸ் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். குழலுக்குள் வரி வெட்டாமல், வெளியிலிருந்து அழுத்தி உள்ளே புரி வரவைக்கிறார்கள். இப்படியும் ஒரு மூளை வேலை செய்யுமா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம். குறி சுத்தம், அதில் குறையே சொல்ல முடியாது. காற்றில்லாத ஒரு நாள் காலையில் 30 யார்டில் ஐந்து பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போட்டேன், நம் ஊர் ஐம்பது காசுக்கு அடியில் மறைந்துவிடும் அளவுக்கு ஒரே ஓட்டை. அட்டையை இன்னும் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரி இரண்டு முறை கிழித்துப் போடப் பார்த்தாள்.

புல்பப் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நல்லது கெட்டது எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. சாதாரண ரைஃபிளில் ட்ரிகருக்கு முன்னால் இருக்கும் இயந்திரம் முழுக்க இதில் ட்ரிகருக்குப் பின்னால், உன் கன்னத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. குழல் நீளம் குறையாது, ஆனால் துப்பாக்கி குட்டையாகிவிடும். எடை முன்னால் இழுக்காமல் தோளில் சாய்ந்து நிற்கும். குதிரை லாயத்துக்குள், தீவன மூட்டைகளுக்கு நடுவில், கார் சீட்டில் உட்கார்ந்தபடியே திரும்பும்போதுதான் அந்த அருமை புரியும். எங்கள் கிளப்பில் கழுத்து எலும்பு தேய்ந்த ஒரு ரிட்டயர்டு லாரி டிரைவர் இருக்கிறார். நீட்டு ரைஃபிளைத் தூக்கிப் பிடித்தால் பத்து நிமிஷத்தில் கை மரத்துப்போகும் என்பார், இப்போது புல்பப்போடு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.

இனி என் அவமானக் கதை. வாங்கின புதிதில் ஒரு குதிரை லாயத்தில் எலித் தொல்லை, வந்து பார்க்கிறாயா என்று கூப்பிட்டார்கள். வீட்டில் 30 யார்டுக்குக் குறி சரிபார்த்து வைத்த தெம்பில் போனேன். இருட்டின நேரம், ஓட்ஸ் டிரம்முக்குக் கீழே எலி வந்து நிற்கிறது, ஆறு யார்டுகூட இருக்காது. மீசை ஆடுவது ஸ்கோப்பில், அதான் துப்பாக்கி மேல் மாட்டும் குறி பார்க்கும் தொலைநோக்கியில், தெரிகிறது. தலைக்கு நடுவில் வைத்து அடித்தேன். டங் என்று சத்தம், எலி ஓடிவிட்டது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது எலி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாகப் போனது. லாயக்கார அம்மா கையில் டீ கப்போடு பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அட்டை வைத்துப் பார்த்தால் ஆறு யார்டில் பெல்லட் மூன்று சென்டிமீட்டர் கீழே விழுகிறது. துப்பாக்கி மேல் தப்பே இல்லை. கன்னத்துக்கு அடியில் இயந்திரம் இருப்பதால் தலை கீழே இறங்க முடியாது, தலை மேலே நின்றால் ஸ்கோப்பும் மேலே போகும். என்னுடையதில் குழலின் நடுக்கோட்டுக்கும் ஸ்கோப்பின் நடுக்கோட்டுக்கும் இடையே ஆறரை சென்டிமீட்டர். பெல்லட் அந்த உயரத்தை ஏறி வருவதற்கு முன்பே எலி வந்துவிட்டது, அவ்வளவுதான். 20 யார்டில் ஒரு சென்டிமீட்டர் மேலே, 30-ல் சரியாக, 40-ல் ஐந்து சென்டிமீட்டர் கீழே. எல்லோரும் தூரத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள், இந்தத் துப்பாக்கியில் படிக்க வேண்டியது கிட்டத்தை. நான் ஐந்திலிருந்து பதினைந்து வரை ஒவ்வொரு யார்டுக்கும் சுட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதி ஸ்டாக்கில் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். அடுத்த வாரம் அதே லாயத்தில் பதினொரு எலி அடித்தேன். அந்த அம்மா அன்றைக்குத்தான் எனக்கும் டீ கொடுத்தார். ஸ்கோப்பை லேசாகச் சாய்த்துப் பிடித்தாலும் இதில் பக்கவாட்டில் விலகும், அதற்கு ஒரு குட்டி ரசமட்டம் வாங்கி மாட்டிவிடு.

ட்ரிகர் பற்றிக் கேட்டிருந்தாய். விரல் இருக்கும் இடம் ஒன்று, வேலை நடக்கும் இடம் இன்னொன்று, நடுவில் ஒரு கம்பி. அதனால் புல்பப் என்றாலே ட்ரிகர் கொழகொழவென்று இருக்கும் என்ற பேச்சு உண்டு. என்னுடையதில் அப்படி இல்லை. ஆனால் கிளப்பில் ஒருவர், வேறு கம்பெனி புல்பப், எது என்று கேட்காதே, ஆறு மாதம் திருகு திருகென்று திருகிப் பார்த்துவிட்டு விற்றே விட்டார். அவர் டார்கெட் சுடுகிற ஆள், விரல் நுனியிலேயே உலகம். அவருக்கு நீட்டு ரைஃபிள்தான் சரி. படுத்துக்கொண்டு சுடும் போட்டிகளுக்கு நானும் புல்பப்பைச் சொல்ல மாட்டேன். முன்பக்கம் எடையே இல்லாததால் மூச்சு விட்டாலும் முனை ஆடுகிறது.

துப்பாக்கிக்குள் காற்று ஏற்றும் விஷயத்தில் அவசரப்படாதே. கார் டயரில் இருக்கும் அழுத்தம் இரண்டு சொச்சம் பார், இதில் ஏற்றுவது 200-க்கும் மேல். கைப்பம்பில் அடித்தால் ஜிம்முக்குப் போக வேண்டாம், ஆனால் ஈரமும் கூடவே உள்ளே போகும். நான் 300 பார் டைவிங் சிலிண்டர் வைத்திருக்கிறேன். வால்வை மெதுவாகத் திற, வேகமாக ஏற்றினால் சூட்டில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், ஆறினதும் முள் இறங்கிவிடும். காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் சிலிக்கோன் கிரீஸ் தவிர எதையும் தடவாதே. தையல் மிஷின் எண்ணெய் போதாதா என்று கேட்ட ஒரு புத்திசாலியை எனக்குத் தெரியும். அழுத்தக் காற்றும் அந்த எண்ணெயும் சேர்ந்தால் உள்ளேயே தீப்பிடிக்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் வேகம் அளக்கும் மிஷினில் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதே. என்னுடையது ஜேஎஸ்பி கம்பெனியின் 15.89 கிரெயின் (சுமார் ஒரு கிராம்) எடை பெல்லட்டில் நொடிக்கு 570 அடி, கணக்குப் போட்டால் பதினொன்றரை அடி-பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. இந்தக் காற்றுத் துப்பாக்கிகளில் கனமான பெல்லட் போட்டால் பெரும்பாலும் சக்தி கூடும். அதனால் லேசான பெல்லட்டில் 11.8 காட்டுகிறது, சட்டத்துக்குள்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதே, கனமானதைப் போட்டால் 12-ஐத் தாண்டிவிடலாம், அப்புறம் மாட்டுவது நீதான்.

இன்னொரு கூத்து. லீவரை இழுத்துத் தள்ளினால் பெல்லட் உள்ளே போய்விடும், நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் இழுத்தோமா இல்லையா என்று மறந்துபோகும். நான் திரும்ப இழுத்து இரண்டு பெல்லட்டை ஒன்றன்பின் ஒன்றாக அடைத்திருக்கிறேன், ஒரு முறை இல்லை, மூன்று முறை. இப்போதெல்லாம் லீவர் இழுத்தால் வாயால் ஒன்று என்று சொல்லிக்கொள்கிறேன். பார்ப்பவர்கள் என்ன நினைக்கிறார்களோ.

நீ இடதுகைக்காரன், அதுதான் எனக்கு யோசனை. இயந்திரம் முகத்தை ஒட்டியே இருப்பதால் லீவர் எந்தப் பக்கம், பெல்லட் நிரப்பும் மேகசின் எந்தப் பக்கம் என்பதெல்லாம் உனக்குப் பெரிய விஷயம். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதே, கடையில் தோளில் வைத்து, கண்ணை மூடி, கன்னத்தைச் சாய்த்து, கண்ணைத் திறந்து பார். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரியவில்லை என்றால் எவ்வளவு நல்ல துப்பாக்கியும் உனக்கு வேண்டாம். ஜனவரியில் கன்னத்தில் இரும்பு பட்டால் சுரீர் என்று இருக்கும், அதற்கு நான் பழைய சாக்ஸை வெட்டி மாட்டியிருக்கிறேன்.

மதுரை தமுக்கத்தில் பொருட்காட்சியில் பலூன் சுடப் போவோமே, ஞாபகம் இருக்கிறதா? குறிமுள் வளைந்த துப்பாக்கி என்று தெரிந்து ரெண்டு விரல்கடை இடது பக்கம் தள்ளிச் சுட்டு, ஒன்பது பலூன் உடைத்து, கடைக்காரரிடம் திட்டு வாங்கினது நீ. எனக்கு ஆறு யார்டு எலியில் வந்த புத்தி உனக்கு அப்போதே இருந்தது.

சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போட்டதும் சொல். கிறிஸ்துமஸ் லீவில் நீங்கள் எல்லோரும் இங்கே வந்தால் லாயத்துக்குக் கூட்டிப் போகிறேன், அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். உன் அம்மாவுக்கு மாடிப்படி ஏறக் கஷ்டம் என்றால் கீழ் ரூமை ஒழித்து வைக்கிறோம்.

உன் பழைய ரூம்மேட்