கும்மிடிப்பூண்டி வண்டியில் வந்த தம்பிக்கு

தம்பி,

உன் பெயரை இங்கே எழுதவில்லை. காரணம் உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்கள் இது யார், இப்போது எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் கடைசியோடு இங்கிலீஷ் வகுப்பை மூடுகிறேன். மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்ட முடிவு. முழங்காலுக்கு இனி மாடிப்படி ஆகாது. கொட்டகையைக் காலி செய்யும்போது டிரங்குப் பெட்டியின் அடியில் உன் நோட்டு கிடைத்தது. எப்போதோ மழையில் நனைந்து, ஓரமெல்லாம் பழுப்பாகி ஒட்டிக்கிடந்தது. முதல் பக்கத்தில் நீ போட்டிருக்கிற தலைப்பு: 22 பிப்ரவரி 2002. கீழே முப்பது முப்பத்தைந்து சொற்கள். இன்றைக்கும் பிப்ரவரி 22. இன்றைக்கே எழுதிவிடுகிறேன். நாளைக்கு என்று விட்டால் இன்னும் ஒரு வருஷம் ஓடிவிடும்.

நீ எப்படி வந்தாய், அகதி முகாமில் என்ன சொல்லிவிட்டு வருவாய் என்பதெல்லாம் நம் இரண்டு பேருக்கும் தெரிந்தது. விட்டுவிடுகிறேன். கொருக்குப்பேட்டையில் இறங்கி, ரயில்வே கேட்டில் சரக்கு வண்டி போகும்வரை நின்று, வியர்வையோடு மாடி ஏறி வருவாய். அது மட்டும் கண்ணிலேயே இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து எடுத்த பிரிண்ட் அவுட்டை மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தாய். இலங்கை அரசும் புலிகளும் போட்ட போர்நிறுத்த ஒப்பந்தம். "இத நானே இங்கிலீஷ்ல படிக்கணும் ரீச்சர்" என்றாய். 1990-இல் இலங்கையிலிருந்து வந்தவன், அதற்குள் எங்கள் பையன்கள் மாதிரியே பேசினாய். அந்த 'ரீச்சர்' ஒன்றுதான் உன் ஊரிலிருந்து மிச்சம்.

அந்த வகுப்பில் எல்லோருக்கும் ஒவ்வொரு இங்கிலீஷ் தேவைப்பட்டது. கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்த்த பெண்களுக்குக் கடிதம் எழுத. காசிமேட்டுப் பையன்களுக்குக் கப்பலில் ஏற. கப்பல் பையன்களுக்கு நான் நடத்தியது சர்வதேச கடல்சார் அமைப்பு 2001 நவம்பரில் ஏற்றுக்கொண்ட சொற்றொடர்த் தொகுப்பு. மே, மைட், ஷுட், குட் ஆகிய நான்கும் குழப்பம் தரும், கப்பலில் தவிர்த்துவிடு என்று அது சொல்லும். கேள்வி கேட்கும் முன் 'கொஸ்டியன்' என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். சரியாகக் காதில் விழவில்லை என்றால் 'சே அகெய்ன்'. தப்பாகச் சொல்லிவிட்டால் 'மிஸ்டேக்', உடனே 'கரெக்‌ஷன்' என்று சொல்லித் திருத்தின பகுதியைச் சொல்ல வேண்டும். பையன்கள் கத்திக் கத்திப் பழகுவார்கள், நீ மூலையில் உட்கார்ந்து உன் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

உன் பேப்பரில் இருந்தது வேறு இங்கிலீஷ். கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்கிற இங்கிலீஷ். உனக்காகத்தான் நான் அதைப் படிக்க ஆரம்பித்தேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. கன்னிமாரா நூலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போனது உனக்காகத்தான். 'தி' என்ற சின்னச் சொல் தமிழில் கிடையாது, அதனால் நம் பிள்ளைகள் அதை எங்கே போடுவது என்று திணறுவார்கள். அதை நடத்த எனக்குக் கிடைத்த பாடம் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 242-ஆம் தீர்மானம். 1967 நவம்பர் 22. போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படை விலக வேண்டும் என்கிற வரியில், ஆங்கிலத்தில் 'டெரிட்டரீஸ்' என்ற சொல்லுக்கு முன் 'தி' இல்லை. எல்லாப் பகுதியும் என்று இல்லையே என்றது ஒரு பக்கம். பிரெஞ்சு வாசகத்தைப் பார், அதில் அந்த 'தி' இருக்கிறதே, எல்லாப் பகுதியும் என்றுதானே பொருள் என்றது இன்னொரு பக்கம். ஒரு சொல் இல்லாமல் போனதை வைத்து இன்றுவரை வழக்காடுகிறார்கள். அந்த ஒரு 'தி'க்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். கிளியரிங் பெண்கள் அலுத்துக்கொண்டார்கள். நீ அலுக்கவில்லை.

2002 டிசம்பரில் ஓஸ்லோ பேச்சுவார்த்தைச் செய்தி வந்தபோது ஊரே, இரண்டு தரப்பும் கூட்டாட்சிக்கு ஒப்புக்கொண்டார்கள் என்றது. நீ வந்து, "ஒத்துக்கல ரீச்சர், எக்ஸ்ப்ளோர் பண்ண ஒத்துக்கிட்டாங்க" என்றாய். ஆராய்ந்து பார்க்க மட்டும். 'யுனைடெட்' என்று போட்டிருக்கிறார்கள், 'யூனிட்டரி' என்று போடவில்லை, ஒன்று ஐக்கியம், மற்றது ஒற்றையாட்சி என்று நீயே பலகையில் எழுதிக் காட்டினாய். எனக்கு அன்று வந்த சந்தோஷம், என் சொந்தப் பிள்ளைகள் மார்க் வாங்கியபோதுகூட வந்ததில்லை. இது உண்மை.

அந்தப் பேச்சுவார்த்தைக்கு நடுவில் நின்ற நார்வே விஷயத்தில்தான் நமக்கு முதல் சண்டை. அவர்கள் தங்களை 'மீடியேட்டர்' என்று சொல்லிக்கொள்ளவில்லை, 'ஃபெசிலிடேட்டர்' என்கிறார்கள், என்ன வித்தியாசம் என்று கேட்டாய். எனக்கு அவசரம், அடுத்த கூட்டம் படியில் நின்றது. "ரெண்டும் ஒண்ணுதான்பா" என்றேன். அடுத்த வாரம் நீயே பதிலோடு வந்தாய். உங்கள் ஊர்ப் பேப்பர்களில் அனுசரணையாளர் என்று போடுகிறார்களாம். அனுசரணையாளர் இரண்டு பக்கத்தையும் உட்கார வைப்பார், செய்தியைக் கொண்டுபோவார், கொண்டுவருவார். மத்தியஸ்தர் தானே ஒரு யோசனையை மேஜையில் வைப்பார். நடுவர் தீர்ப்பே சொல்வார். "கொண்டுபோறவர் சொந்தமா ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது, ஒரு சொல்லையும் விடக் கூடாது" என்று நீ சொன்னாய். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டினதோடு சரி.

இனி அந்த அறை.

எந்த அலுவலகம், எந்த நாட்டில் குடியேறுவதற்கான நேர்காணல் என்று எழுதப்போவதில்லை. 2003 டிசம்பர், செவ்வாய்க்கிழமை. அவர்கள் ஏற்பாடு செய்த ஆள் வரவில்லை, தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். நீ வெளியே பெஞ்சில் இருந்த என்னைக் கைகாட்டினாய். நான் பயிற்சி எடுத்த மொழிபெயர்ப்பாளர் இல்லை. அதை அவர்களிடமும் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். "நீங்க இருந்தா தைரியமா இருக்கும்" என்றாய். இதை நீ மறந்திருக்க மாட்டாய்.

மின்விசிறி ஓடவில்லை. அதிகாரி வெள்ளைக்காரர், மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். முதல் இருபது நிமிஷம் ஒரு குறையும் இல்லை. பிறந்த ஊர், பள்ளிக்கூடம், படகு. அப்புறம் அப்பாவைப் பற்றிக் கேட்டார். நீ பதில் சொல்ல ஆரம்பித்ததும் உன் பேச்சு மாறிவிட்டது. பதின்மூன்று வருஷம் கொருக்குப்பேட்டைத் தமிழும் முகாம் தமிழும் பேசினவன், அந்த நாற்காலியில் உட்கார்ந்து உன் அம்மாவின் தமிழுக்குப் போய்விட்டாய். ஒன்பது வயதில் கேட்டதை அந்த வயதின் சொற்களில்தானே சொல்ல முடியும்.

"வந்தவை அப்பாவைப் பேசிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போனவை."

வந்தது யார் என்பதையும் இங்கே விடுகிறேன். நான் இங்கிலீஷில் சொன்னேன்: வந்தவர்கள் உன் அப்பாவோடு பேசினார்கள், பிறகு அவரைத் தங்களோடு அழைத்துப்போனார்கள்.

அதிகாரி எழுதினார். நீ மேஜை மேல் கையை வைத்தாய். "ரீச்சர், பேசினதெண்டால்..." என்று ஆரம்பித்தாய். நான் உன் மணிக்கட்டைத் தொட்டு, "இரு தம்பி, அவர் எழுதி முடிக்கட்டும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து, அப்படியென்றால் உன் அப்பா விருப்பப்பட்டுத்தான் போனாரா என்று கேட்டார். 'வாலன்டரிலி' என்ற சொல் உன் நோட்டில் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. நான் மொழிபெயர்க்கும் முன்பே உனக்குப் புரிந்துவிட்டது. உன் முகத்தைப் பார்த்தேன்.

உங்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது, சாதாரணப் பேச்சு என்றால் கதைப்பது என்று எனக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமாக என்னைத் தேற்றிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. எங்கள் தெருவிலும் 'என்னைக் கண்டபடி பேசிட்டான்' என்றால் திட்டினான் என்றுதான் பொருள். நீ 'அப்பாவோடு' என்று சொல்லவில்லை, 'அப்பாவிடம்' என்று சொல்லவில்லை. 'அப்பாவை' என்றாய். இரண்டாம் வேற்றுமை. ஒரு 'தி' இல்லாததற்கு ஒரு மாதம் பாடம் எடுத்தவள், என் தாய்மொழியில் கண்ணுக்கு முன்னால் நின்ற ஒரு 'ஐ'யைப் பார்க்கவில்லை.

நீயும் வாயைத் திறந்திருக்கலாம். இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தேனே! 'நோ சார், ஷீ மிஸ்அண்டர்ஸ்டுட்' என்று நான்கு சொல் உனக்கு வராதா? ஓஸ்லோ அறிக்கையைப் பலகையில் பிரித்துப்போட்டவனுக்கு வராதா? டீச்சர் எதிரில் டீச்சரைத் திருத்தக்கூடாது என்று மரியாதையா? அந்த மரியாதை யார் கேட்டது? எத்தனையோ ராத்திரி உன்மேல் எனக்கு வந்த கோபம் இதுதான்.

இதுவரை எழுதியதை எங்கள் வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். தெரியாமல் நடந்த தப்பு என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அடுத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அதிகாரி திரும்பவும் கேட்டார். நீ அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "ரீச்சருக்கு விளங்கேல்லை" என்றாய். என்ன சொல்கிறார் என்று அதிகாரி என்னிடம் கேட்டார். அந்த இடத்தில் நான், இவன் சொன்னது எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். 'சே அகெய்ன்'. வாரா வாரம் பையன்களைக் கத்தச் சொன்ன இரண்டு சொல். ஆனால் ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கு முன்னால், தமிழ் பேசுகிற டீச்சருக்கே தமிழ் புரியவில்லை என்று ஆகிவிடுமே என்று எனக்கு வெட்கம் வந்தது. 'ஹீ டஸ்'ன்ட் ரிமெம்பர் கிளியர்லி' என்றேன்.

உனக்கு நினைவில்லை என்று சொன்னேன். அவ்வளவு நினைவோடு உட்கார்ந்திருந்தவனை.

நீ அதைக் கேட்டாய். அதன்பிறகு எல்லாக் கேள்விக்கும் ஒரு சொல்லில்தான் பதில் சொன்னாய். வெளியே வந்து பாரிஸ் கார்னர் வரைக்கும் பஸ்ஸில் வந்தோம். செகண்ட் லைன் பீச்சில் உனக்கு அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், வாங்கிக் கொடுத்தேன். வாழைத்தண்டு சூப்பை மட்டும் குடித்துவிட்டு, "வண்டிக்கு நேரமாச்சு ரீச்சர்" என்று போனாய். மறுப்புக் கடிதம் ஆறு வாரத்தில் வந்தது. காரணம் என்று அதில் என்ன இருந்தது என்று நீ காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. என் ஒரு வாக்கியத்தால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. 2004-இல் நீ ஊருக்கே திரும்பினாய். அப்போது போர்நிறுத்தம் இருந்தது, நிறைய பேர் திரும்பினார்கள்.

2008 ஜனவரியில் அந்த ஒப்பந்தம் முறைப்படி முடிந்துபோனது. 2009-இல் நான் எப்படி இருந்தேன் என்று இங்கே எழுத விருப்பமில்லை. பேப்பரில் வந்த ஒவ்வொரு போட்டோவையும் கண்ணாடியை ஒட்டிவைத்துப் பார்ப்பேன். இரண்டு வருஷம் கழித்து, உன்னோடு முகாமில் இருந்த ஒருவர் மணிக்கூண்டு பக்கம் என்னைப் பார்த்து, நீ இருக்கிறாய், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறாய் என்று சொன்னார். ரோட்டிலேயே அழுதேன். அதே மூச்சில் அவர், "உங்களப் பத்திச் சொல்லுவான், ரீச்சர் பிழையாச் சொல்லிப்போட்டா எண்டு" என்றார். நான் உயிரோடு இருக்கிறாயா என்று தேடிக்கொண்டிருந்தபோது உனக்கு என்னைப் பற்றிச் சொல்ல அது ஒன்றுதான் இருந்ததா? ஒரு வரி எழுதிப்போட்டிருக்கலாமே தம்பி. திட்டியாவது. உன் ஊர் அர்த்தத்தில் என்னைப் பேசியாவது.

'ஸாரி' பாடம் உன் நோட்டிலும் இருக்கிறது. 2001 ஏப்ரலில் அமெரிக்க வேவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதி, சீன விமானி இறந்து, ஹைனான் தீவில் இறங்கிய 24 அமெரிக்கர்களை 11 நாள் வைத்திருந்தார்களே, அது. அமெரிக்கா கொடுத்த கடிதத்தில் 'வெரி ஸாரி' இரண்டு முறை வந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள் என்று சீனா தன் மக்களிடம் சொன்னது. வருத்தம்தான், மன்னிப்பு இல்லை என்று அமெரிக்கா சொன்னது. ஆட்கள் வீடு போனார்கள். அதை நான் கெட்டிக்காரத்தனம் என்று வகுப்பில் பாராட்டினேன். 24 பேர் வீடு போனார்கள் என்பதால் இப்போதும் பாராட்டுவேன். ஆனால் உனக்கும் எனக்கும் நடுவில் அப்படி ஒரு கடிதம் வேண்டாம். நான் கேட்பது மன்னிப்பு. 'அப்பாலஜி'. நோட்டில் அதற்குக் கீழே நீ இரண்டு கோடு போட்டிருக்கிறாய்.

கப்பல் பையன்கள் மாதிரி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அந்த அதிகாரி இப்போது எங்கே இருக்கிறாரோ, காதில் விழப்போவதில்லை. இருந்தாலும்.

மிஸ்டேக். கரெக்‌ஷன். வந்தவர்கள் அவன் அப்பாவைத் திட்டி, பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் விருப்பப்பட்டுப் போகவில்லை. அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. புரியாமல் போனது எனக்கு.

நோட்டை உலர்த்தி, பிரியாத பக்கங்களை அப்படியே விட்டு, பிரவுன் பேப்பரில் அட்டை போட்டு வைத்திருக்கிறேன். கடைசிப் பன்னிரண்டு பக்கம் காலியாக இருக்கிறது. உன் பிள்ளைகளுக்கு உதவும் என்றால் முகவரியை அந்த மணிக்கூண்டுக்காரரிடம் சொல்லி அனுப்பு, இங்கே கீழே எழுதாதே. கொட்டகையை ஏப்ரல் முதல் வாரம் பிரிக்கிறார்கள். வீடு அதே வீடுதான். இப்போது பக்கத்திலேயே மெட்ரோ வந்துவிட்டது, ஆனால் நீ வந்தால் அந்த கேட் வழியாகத்தான் வருவாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன்
ரீச்சர்