படிப்பகச் சங்கம்: 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், வந்திருக்கும் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், படிப்பகத்துப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். படிப்பகம் இந்த ஆண்டும் தினமும் மாலையில் திறந்திருந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கேட்டபடி விளக்குகளை மாற்றினோம். ஐப்பசி மழைக்கு முன்னால் பின்பக்கத்து ஓட்டைச் சரிசெய்தோம். பொங்கல் விளையாட்டுப் போட்டி நன்றாக நடந்தது. செயற்குழு மாதந்தோறும் கூடியது. மற்றபடி இந்த ஆண்டில் நம்மை முழுசாக இழுத்துக்கொண்டது கம்ப்யூட்டர் வேலைதான்.

அது ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் தொடங்கியது. நம் தெருவில் பீடி சுற்றும் ஒரு அம்மாவின் மகள், பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறவள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்று திரையில் அறிவிப்பு வந்திருந்தது. ஒரு கடையில் காட்டியிருக்கிறாள். இது தேறாது, புதுசு வாங்கிக்கோ என்று சொல்லிவிட்டார்கள். "மாமா, இது நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. விசைப்பலகை, திரை, பேட்டரி எதிலும் குறை இல்லை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி முதல்தான் ஏற்கும். அவளுடையது ஆறாம் தலைமுறை. 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்து வாங்க வழி உண்டு. ஆனால் அது தவணை தள்ளிப்போடுவதுதான்.

செயற்குழுவில் பேசி, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டமும், 1991-ல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்ட கருநிரலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்ந்து வளர்ந்தது அது. யாரும் பயன்படுத்தலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஒரு படிப்பகத்துக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு வேறு இல்லை என்பது என் எண்ணம்.

நமக்கு இது புதுசும் அல்ல. 2011-ல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய போஸ் லினக்ஸும் வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வாங்கினார்கள். அந்தப் பக்கம் போனவர்கள் யாரும் என் நினைவில் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாததால்தான். அதனால் இந்தத் தடவை போட்டுக்கொடுத்து அனுப்பிவிடக் கூடாது, ஒவ்வொருவரோடும் குறைந்தது நான்கு வாரம் கூட இருக்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை நடந்தது. ஒரு 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை ஏற்றி வைத்தோம். 4 ஜிபி ராம் மட்டும் உள்ள பழைய இயந்திரங்களுக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. கணினியைப் போட்டதும் எஃப்12-ஐயோ எஃப்9-ஐயோ, இயந்திரத்துக்கு ஏற்றபடி தட்டினால் பென்டிரைவிலிருந்தே கிளம்பும். உள்ளே எதையும் நிறுவாமலே வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் சோதித்துவிடலாம். ஒரு லேப்டாப்பில் வைஃபையே தெரியவில்லை. நிறுவி முடித்து, கைபேசியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி அதன் இணையத்தைக் கொடுத்து, இயக்கி மேலாளரைத் திறந்ததும், வைஃபையை வேலை செய்யவைக்கும் விட்டுப்போன டிரைவரை (இயக்கியை) அதுவே காட்டியது. அங்கே நின்ற பையன்கள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஆச்சி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்ததைச் சபையில் நான் சொல்லியாக வேண்டும். இரண்டாவது வாரம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சார்வாள் தன் கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். "என் சாமான் எல்லாம் டி டிரைவுல இருக்கு, சி-யை மட்டும் மாத்துங்க" என்று தெளிவாகச் சொன்னார்கள். சியும் டியும் ஒரே வட்டின் (ஹார்ட் டிஸ்க்கின்) இரண்டு பகுதிகள்தான். நிறுவும்போது வட்டை அழித்து நிறுவச் சொல்லும் தேர்வை நான் அழுத்தினேன். அது வட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டது. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எடுத்த படங்களும், பல ஆண்டுகளாகச் சுடலைமாடன் கொடைகளில் சார்வாள் பதிவுசெய்த வில்லுப்பாட்டுகளும் அதில் இருந்தன.

தெரிந்ததும் இயந்திரத்தை அணைத்துவிட்டோம். அதற்குமேல் அதில் எதையும் எழுதவிடவில்லை. பென்டிரைவிலிருந்து கிளப்பி, வெளி வட்டு ஒன்றை மாட்டி, அழிந்த கோப்புகளை மீட்கும் போட்டோரெக் என்ற கட்டற்ற மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்பதால் புதிதாக எழுதப்படாத இடத்தில் இருந்தவை பெரும்பாலும் திரும்பின. சுழலும் தட்டு இல்லாத புதுவகை எஸ்எஸ்டி-யாக இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருப்பது கஷ்டம். ஆனால் வந்த கோப்புகளுக்குப் பெயர் இல்லை, எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும்தான் இருந்தன. சார்வாள் ஐந்து சாயங்காலம் வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொன்றையும் போட்டு, குடத்தின் அடியைக் கேட்டே, "இது வீரவநல்லூர், இது முக்கூடல் பக்கம், இது நம்ம ஊர்" என்று சொல்லச் சொல்ல நான் பெயர் போட்டேன். இப்போது உயிரோடு இல்லாத ஒரு புலவரின் பாட்டு பாதியில் அறுந்துதான் வந்தது. அந்த இடத்தில் சார்வாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, கிடைச்ச வரைக்கும் பேர் போடுங்க" என்றார்கள். அவர்களிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன், இந்தச் சபை முன்னாலும் கேட்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். என்ன இருக்கிறது என்று உரியவர் தன் கையால் எழுத வேண்டும். எல்லாவற்றையும் வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்து, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பென்டிரைவைச் சொருகுவோம். வட்டு, விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் முதலில் அதைத் திறந்துவிட வேண்டும் என்பதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

எல்லோருக்கும் மாற்றிவிடவும் இல்லை. விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் செய்யும் அண்ணாச்சி ஒருவரிடம், மாற்ற வேண்டாம் என்று நாங்களே சொல்லி அனுப்பினோம். இன்னொருவரின் பழைய லேசர் பிரிண்டர் எவ்வளவு முயன்றும் லினக்ஸில் அச்சடிக்கவில்லை. அவருக்கு இரண்டு அமைப்பும் இருக்கிற மாதிரி பிரித்துக் கொடுத்தோம். வேலை கெடக் கூடாது, அதுதான் முக்கியம்.

தமிழ்தான் பலரைத் தங்க வைத்தது. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்தோம். உயிரெழுத்து இடது கைப்பக்கம், மெய் வலது கைப்பக்கம். க-வை இரண்டு தடவை தட்டினால் முதலாவதன்மேல் புள்ளி தானே விழும். சார்வாளுக்கு இதைக் காட்டியபோது, "அம்மா, அக்கா" என்று பலமுறை அடித்துப் பார்த்துச் சிரித்தார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அவர்கள் தட்டி வைத்திருந்த கட்டுரைகள் முதலில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாக, எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி வருகிறோம், இன்னும் பாதி இருக்கிறது.

முதலில் வந்த அந்தப் பெண்ணுடைய லேப்டாப் இப்போது நன்றாக ஓடுகிறது. மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் வரும். நான்காவது வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா மடியில் தட்டை வைத்து இலையைச் சுருட்டிக்கொண்டே, கை நிற்காமல், மகள் தட்டுவதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். மார்கழியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பை அந்தப் பெண்தான் எடுக்கிறாள்.

வரும் ஆண்டுக்கு ஒரு வெளி வட்டும், நல்ல மின்விரிவுப் பலகை இரண்டும் வேண்டும். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பைத் தருகிறவர்கள் சார்ஜரையும் சேர்த்துத் தாருங்கள். சார்வாளின் வில்லுப்பாட்டுப் பதிவுகளைப் படிப்பகத்தில் கேட்கும்படி வைக்க அவர்கள் இசைந்திருக்கிறார்கள், அதற்குச் சங்கத்தின் நன்றி.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்கள். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்