டாப் கியரும் டீக்கடைச் சண்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கார் நிகழ்ச்சிகளை வைத்து எங்கள் காரைக்குடி டீக்கடையில் ஒரு வாரமாகச் சண்டை. பிபிசியின் ‘டாப் கியர்’ 2015-இல் ஜெரமி கிளார்க்சன் போனதோடு செத்துவிட்டது என்கிறது ஒரு கட்சி. அதை நடத்திய கிளார்க்சன், ஹாமண்ட், மே என்ற அதே மூவர்தானே அமேசானில் ‘தி கிராண்ட் டூர்’ நடத்தினார்கள் என்கிறது மற்றது. சரி, அதிலிருந்தும் மூவரும் 2024-இல் விடைபெற்றார்கள். டாப் கியரோ 2022-இல் படப்பிடிப்பு விபத்தில் அதன் தொகுப்பாளர், முன்னாள் கிரிக்கெட் வீரர் பிளின்டாஃப் படுகாயமடைந்தபின் நின்றே போனது.

எனக்கு இரண்டின் மேலும் வருத்தம்தான். போகப்போக வெடியும் வேடிக்கையும் முன்னால் வந்து, வண்டி பின்னால் போய்விட்டது. மலிவான பழைய வண்டியை வாங்கி மூவரும் நடுவழியில் அல்லாடியபோதுதான் அது கார் நிகழ்ச்சி.

எங்கள் தெருப் பெரிய வீட்டு ஷெட்டில் ஒரு பழைய அம்பாசிடர் கிடக்கிறது. போன மாதம் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டை வாயால் ஊதி அடைப்பெடுத்து மாட்டினார். நாலு இருமல் இருமிவிட்டுக் கிளம்பியது. பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் கைதட்டினோம். பையன்கள் இப்போது யூடியூபில் தேடுவது இதைத்தான். கூடவே மைலேஜும் சர்வீஸ் செலவும். கோடி ரூபாய் கார் கானாடுகாத்தான் சந்துக்குள் திரும்பவா போகிறது?

— ஒரு வாசகர், காரைக்குடி