'ஒரு மாதிரி'ன்னு எழுதாதிய

ஆசிரியருக்கு வணக்கம். தொடர்கதையிலயும் சினிமாலயும் ஆம்பளைய விரும்புத ஆம்பளை வந்தா உடனே 'ஒரு மாதிரி', 'அந்த மாதிரி ஆளு'ம்பாவ, இல்லன்னா கடைசி வரைக்கும் 'உயிர் நண்பன்'னே எழுதி முடிச்சிருவாவ. எங்க சித்தப்பா தன் கூட்டாளியோட 30 வருஷம் ஒரே வீட்ல இருந்தாவ, ஊருக்குள்ள 'கல்யாணத்துல இஷ்டமில்லாதவர்'னு மட்டும்தான் பேச்சு, அவிய செத்தன்னைக்கு அந்த மனுசன் வாசல்ல ஓரமா நின்னாரு பாத்துக்கிடுங்க, இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கி. 2018 செப்டம்பர் 6ல சுப்ரீம் கோர்ட்டே குத்தமில்லன்னுட்டு, 2022ல தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்கள அரசிதழ்லயே போட்டாச்சு. 'ஓரினச்சேர்க்கை'ங்கது படுக்கைய மட்டும்தான சொல்லுது, பாசத்த எங்க சொல்லுது? தன்பாலீர்ப்புன்னு நல்ல சொல் இருக்கு, உங்க ஞாயிறு கதைகள்ல அத எழுதச் சொல்லுங்க.

ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்