அந்தப் பணம் வேண்டாம், வசந்தி

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு விடுதி வாழ்க்கை பழகிவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது பொடி எழுத்தைக்கூடத் தானே படித்துவிடுகிறார். எனக்கு அதே வேலைதான், அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது. ஆட்கள் கூடிவிட்டார்கள், அதனால் வேலையும் கூடிவிட்டது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிய படம் சுருக்கும் மென்பொருளை இத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை. அதைப் பார்த்துத்தான் அந்த நிறுவனமும் உன்னைத் தேடி வந்திருக்கிறது. உன் மென்பொருளைக் கணினியில் நிறுவிக் கொடுக்கும் இன்ஸ்டாலருக்குள் அவர்களுடைய சின்னத் துண்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதன் வழியாக வேறு மென்பொருள் ஒன்று இறங்கினால் ஒவ்வொரு தடவைக்கும் உனக்குப் பணம். பயனர் சம்மதித்தால் மட்டுமே எதுவும் இறங்கும். இந்தக் கடைசி வரியைக் காட்டி, "இதில் என்ன தப்பு?" என்று கேட்டிருக்கிறாய். எனக்கு உறுத்துவதே அந்த வரிதான். வேண்டாம் வசந்தி, ஒத்துக்கொள்ளாதே.

அந்தச் சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது என்று பார். முதல் திரையில் 'எக்ஸ்பிரஸ்' என்று ஒரு வழி, பக்கத்தில் 'பரிந்துரைக்கப்படுவது' என்று இருக்கும். இன்னொன்று 'கஸ்டம்', அது கைதேர்ந்தவர்களுக்கு மட்டும் என்பது போலப் போட்டிருப்பார்கள். அந்த இரண்டாவது வழியில் போனால்தான், ஏற்கெனவே டிக் போட்டு வைத்த கட்டங்களே கண்ணில் படும். அடுத்த திரையில் நீளமான ஓர் ஒப்பந்தம் வரும். அது உன் மென்பொருளுக்கான ஒப்பந்தம் இல்லை, பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் ஏதோ ஒரு டூல்பாருடையது. ஆனால் பார்ப்பதற்கு உன்னுடையதைப் போலவே இருக்கும். 'அக்செப்ட்' பளிச்சென்று தெரியும். 'டிக்ளைன்' சாம்பல் நிறத்தில், அழுத்தவே முடியாத பட்டன் போல மங்கிக் கிடக்கும். அதை அழுத்தினால் உன் மென்பொருளும் வராமல் போய்விடுமோ என்று பயம் வரும். அந்தப் பயம் வர வேண்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

படத்தைச் சுருக்க வந்தவர் அதுவரை பார்த்த திரையெல்லாம் உன்னுடையது. உன்னை நம்பித்தான் அவர் 'நெக்ஸ்ட்' அழுத்திக்கொண்டு போகிறார். "படிக்காமல் அழுத்தியது அவர் தப்பு" என்று சொல்பவர்களை என் வேலையில் நிறையப் பார்க்கிறேன். எனக்குக் கோபம்தான் வருகிறது. படிக்காமல் அழுத்த வேண்டும் என்பதற்காகவே கட்டிய திரையை வைத்துக்கொண்டு, அழுத்தியவரைக் குறை சொல்வது என்ன நியாயம்? ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபரில், முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பு சொன்னது. அந்த வழக்கு, இணையதளங்கள் நம் கணினியில் போட்டு வைக்கும் 'குக்கி' என்ற சின்னக் கோப்புகளைப் பற்றியது. ஆனால் கேள்வி இதே கேள்விதான்.

நீ ஒன்று செய்து பார். "கட்டத்தில் டிக் இல்லாமல் வைத்துக்கொள்ளலாமா? இரண்டு பட்டனையும் ஒரே நிறத்தில், ஒரே அளவில் போடலாமா?" என்று அந்த நிறுவனத்திடமே கேள். வேண்டும் என்று கேட்டு வாங்குகிற ஆட்கள் நிஜமாகவே இருந்தால் நிறுவனத்தார் உடனே சரி என்று சொல்ல வேண்டும்.

இதைப் பெரிய நிறுவனங்களே செய்தன என்று எழுதியிருந்தாய். ஆமாம், செய்தன. ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவா மென்பொருள் இன்ஸ்டாலரில், ஆஸ்க் தேடுதளத்தின் டூல்பார் பல வருடம் கூடவே வந்தது. முதல் தடவை மட்டும் இல்லை, பாதுகாப்பு அப்டேட் போடும்போதும் டிக் போட்ட கட்டத்தோடு வந்து நிற்கும். ஜாவா இறங்கி முடிந்த பிறகு அந்த டூல்பார் சுமார் பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு அப்புறம்தான் தன்னை நிறுவிக்கொள்ளும் என்று 2013இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். தப்பாக அழுத்திவிட்டோம் என்று உடனே நீக்கப் போகிறவருக்கு அது பட்டியலிலேயே இருக்காது. ஆஸ்க் டூல்பாரின் பழைய பதிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2015இல் வேண்டாத மென்பொருள் என்று அறிவித்து நீக்கத் தொடங்கியது.

எனக்கு இதில் டூல்பாரைவிடப் பெரிய கேடு இன்னொன்று. பாதுகாப்பு அப்டேட் என்றாலே ஏதோ குப்பை ஒட்டிக்கொள்ளும் என்று மக்கள் பழகிவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் இன்றைக்கும் அப்டேட் செய்தி வந்தால் உடனே மூடிவிடுகிறவர்கள் உண்டு. கேட்டால், "போன தடவை பிரவுசரே மாறிப்போச்சு" என்பார்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தால் நிஜமான ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கின்றன.

சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தின் கதை உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் இருவரும் எல்லாவற்றையும் அங்கேயிருந்துதான் இறக்குவோம். யாரும் பார்த்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு காலத்தில் அதுதான் வீடு. 2013இல் அவர்களும் உனக்கு வந்த மாதிரியே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள்: இன்ஸ்டாலரோடு மற்றவர் மென்பொருளையும் சேர்த்துக் கொடுப்போம், வருமானத்தில் உங்களுக்கும் பங்கு. விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரலாம் என்றுதான் தொடங்கியது. இன்ஸ்டாலர் இப்படிப் போவதும், பக்கத்தில் வரும் ஏமாற்று விளம்பரங்களும் பிடிக்காமல், படம் திருத்தும் கிம்ப் மென்பொருளின் குழு அந்த வருடமே வெளியேறியது. 2015 மே மாதம் பார்த்தால், கைவிடப்பட்ட திட்டம் என்று சொல்லி விண்டோஸ் கிம்ப்பின் பக்கத்தைத் தளமே எடுத்துக்கொண்டு, அதில் விளம்பர இன்ஸ்டாலரைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. எழுதியவர்கள் வேண்டாம் என்று போன பிறகும் அவர்கள் பெயரில்! பெரிய எதிர்ப்பு கிளம்பிய பின்தான் நிறுத்தினார்கள். 2016 தொடக்கத்தில் தளம் கைமாறியது. புதிய உரிமையாளர்கள் முதல் வேலையாக அந்தத் திட்டத்தை மூடினார்கள். ஆனாலும், அதற்குள் எத்தனையோ திட்டங்கள் வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டன. நல்ல எண்ணத்தோடு பல வருடம் சேர்த்த பெயர் அது. நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றும் யோசி. உன் இன்ஸ்டாலருக்குள் போவது சின்னத் துண்டுதான். எந்த மென்பொருளை இறக்குவது என்பதை, ஆள் எந்த நாட்டில் இருக்கிறார், என்ன கணினி வைத்திருக்கிறார் என்று பார்த்து அவர்களுடைய சர்வர் அந்த நேரத்தில் முடிவு செய்யும். உன் கணினியில் சோதித்தால் ஒன்றும் கெட்டதாகத் தெரியாமல் போகலாம். இந்தத் தொழிலைப் பற்றி கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு 2016இல் வந்தது. ஓர் இன்ஸ்டாலுக்கு 10 சென்ட்டிலிருந்து 1.50 டாலர் வரை கைமாறுகிறது என்றும், இறங்குபவற்றில் பக்கங்களுக்குள் விளம்பரம் செருகுபவையும், பிரவுசர் அமைப்பை மாற்றுபவையும், இல்லாத கோளாறைக் காட்டி மிரட்டும் 'சுத்திகரிப்பு' மென்பொருள்களும் நிறைய என்றும் அதில் இருக்கிறது. ஆன்டிவைரஸ் இருக்கிறதா என்று முதலில் மோப்பம் பிடித்துவிட்டு, அதற்கேற்ப இறக்குகிறவையும் உண்டு. ஒழுங்கான தொழிலுக்கு இது எதற்கு?

விளம்பரம்தானே, உயிரா போகிறது என்று உனக்குத் தோன்றலாம். லெனோவோ மடிக்கணினிகளில் வந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளைப் பார். அது இன்ஸ்டாலர் வழியாக வந்தது இல்லை, கணினியோடு சேர்ந்தே வந்தது. இருந்தாலும் இதே வகைதான். பாதுகாப்பான பக்கங்களிலும் விளம்பரம் செருகுவதற்காக அது தன்னுடைய மூலச் சான்றிதழ் ஒன்றை, அதாவது எந்தத் தளத்தை நம்பலாம் என்று பிரவுசர் பார்க்கும் அத்தாட்சியை, கணினியில் வைத்தது. எல்லாக் கணினியிலும் ஒரே ரகசியச் சாவி. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்ததும், ஓர் ஆய்வாளர் அந்தச் சாவியின் கடவுச்சொல்லைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். அதை வைத்துக்கொண்டு வங்கியின் பக்கத்தைப் போலப் போலிப் பக்கம் காட்டினாலும் அந்தக் கணினிகளின் பிரவுசர் நம்பிவிடும்.

உன் மென்பொருளின் பெயருக்கும் ஆபத்து உண்டு. 2020இல் விண்டோஸோடு வரும் பாதுகாப்பு மென்பொருளான விண்டோஸ் டிஃபெண்டர், கணினியைச் சுத்தம் செய்யும் சிசிளீனர் மென்பொருளின் சில இன்ஸ்டாலர்களை வேண்டாத மென்பொருள் என்று குறித்தது. அவற்றோடு வந்தவை கூகுள் குரோம், அவாஸ்ட் போன்ற ஊரறிந்த மென்பொருள்கள்தான். கூட வருவது நல்லதாகவே இருந்தாலும், பயனர் தேடி வராததைச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதே காரணமாகப் போதும் என்று ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த நிலை என்றால், தனியாளாக உழைக்கும் உன் இன்ஸ்டாலர்மேல் சிவப்பு எச்சரிக்கை விழுந்தால் யாரிடம் போய் முறையிடுவாய்?

உன் பணத் தேவையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து பிழை திருத்துகிறாய், கூலி வேண்டும் என்று கேட்பது உன் உரிமை. அதை நேராகக் கேள். இறக்கும் பக்கத்தில் நன்கொடைக்கு ஒரு பட்டன் வை. நூறு படங்களை ஒரே மூச்சில் சுருக்கும் வசதியை அலுவலகங்களுக்கென்று தனிப் பதிப்பாக்கி விலை போடு. எங்கள் அலுவலகமே வாங்கும், நான் பேசுகிறேன். வீடியோ பார்க்க உதவும் விஎல்சி பிளேயரை உருவாக்குகிறவர்கள் இப்படிச் சேர்த்துக் கட்டச் சொல்லி வந்த பெரிய தொகைகளையெல்லாம் மறுத்துவிட்டு, இலாப நோக்கமற்ற அமைப்பாகவே நடத்துகிறார்கள். அவர்கள் பணக்காரர் ஆகவில்லை என்பது உண்மைதான். ஆனால் எந்தக் கணினியிலும் நான் யோசிக்காமல் போடும் மென்பொருள் அது.

அந்த நிறுவனத்துக்கு இரண்டே வரியில் மறுப்பு எழுதிவிடு. காரணம் சொல்லாதே, சொன்னால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு சலுகையோடு திரும்பி வருவார்கள். அவர்கள் 'சும்மா பார்க்க' என்று அனுப்பிய மாதிரி இன்ஸ்டாலரை உன் கணினியில் ஓட்டியிருந்தால், பிரவுசரின் முகப்புப் பக்கம், தேடுபொறி, எக்ஸ்டென்ஷன் பட்டியல் மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடு. தேதி வாரியாக அடுக்கினால் அன்றைக்குப் புதிதாக வந்தது எது என்று நிரல் பட்டியலிலும் தெரிந்துவிடும்.

தனிப் பதிப்புக்கு என்ன விலை வைக்கலாம் என்று யோசித்து எழுது. மாதக் கடைசிக்குள் சொன்னால் எங்கள் கொள்முதல் கூட்டத்திலேயே வைத்துவிடுவேன்.

அன்புடன்,
தேன்மொழி