கான்டின்ஃப்ளாஸ்: இன்னொரு சாப்ளின் அல்ல

ஆசிரியருக்கு,

திரைப்பட நகைச்சுவை நடிகர் கான்டின்ஃப்ளாஸை ‘மெக்சிகோவின் சாப்ளின்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. சாப்ளின் பேசாமல் சிரிக்க வைத்தவர். மரியோ மொரேனோ என்ற இயற்பெயர் கொண்ட இவருக்கோ (1911–1993) பேச்சுதான் எல்லாம்.

‘கார்ப்பா’ எனப்படும் கூடாரக் கொட்டகைகளில் வளர்ந்த கலை அது. இடுப்புக்குக் கீழே நழுவும் கால்சட்டை, பெல்ட்டுக்குப் பதில் கயிறு, தோளில் ஒரு கந்தல் துணி. அந்தக் கந்தலை அவர் மழைக்கோட்டு என்றே அழைப்பார்! வாக்கியத்தைப் பவ்யமாகத் தொடங்குவார், நடுவில் கைவிடுவார், இன்னொன்றின் வாலைப் பிடிப்பார். கேட்பவருக்குப் புரிந்ததுபோலவே இருக்கும், பிடித்துப்பார்த்தால் ஒன்றும் இருக்காது.

1940இல் வந்த ‘ஆயி எஸ்தா எல் தெதாயே’ படத்தின் நீதிமன்றக் காட்சி போதும். அவர் கொன்றது பாபி என்ற நாயை. வழக்கோ பாபி என்ற மனிதனின் கொலைக்கு. ‘ஆமாம், கொன்றேன்’ என்கிறார், கூசாமல். கடைசியில் நீதிபதியும் வழக்கறிஞர்களும் அவரைப் போலவே உளறத் தொடங்குகிறார்கள்.

1956இல் வந்த ‘எண்பது நாட்களில் உலகம்’ படம் ஹாலிவுட்டில் அவருக்குக் கோல்டன் குளோப் விருதைப் பெற்றுத் தந்தது. 1960இல் வந்த ‘பெப்பே’ எடுபடவில்லை. ஆங்கிலத்தில் அந்த வாய்ச்சிலம்பம் சுழலவில்லை என்பதே முக்கியக் காரணம்.

சப்டைட்டில் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவர் வாக்கியங்களைத் திருத்தி முடிக்காதீர்கள். பாதியில் அறுந்தால் அறுந்தபடியே விடுங்கள். அவர் பெயரிலிருந்து பிறந்த ‘கான்டின்ஃப்ளெயார்’ (நிறையப் பேசியும் ஒன்றும் சொல்லாமலிருப்பது) என்ற வினைச்சொல்லை, 1992இல் ஸ்பானிய அகாதமியின் அகராதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

– ஒரு வாசகர்